முப்பது வயசில் புதுமுகம்

2022 நவம்பர் 12, சனிக்கிழமை மத்தியானம். சோறு ஆறிக்கொண்டிருக்க, நாங்கள் நாலு பேரும் போனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து வைத்து, ஒக்லாந்து ஈடன் பார்க்கில் நடந்த பெண்கள் றக்பி உலகக் கிண்ண இறுதியாட்டம் பார்த்தோம். தொடர்ந்து 30 ஆட்டம் வென்று வந்த இங்கிலாந்து, அன்று நியூஸிலாந்திடம் 31-34 என்று தோற்றது. கடைசி நிமிஷத்தில் கோட்டுக்குக் கிட்ட இங்கிலாந்து எறிந்த பந்தை நியூஸிலாந்து பறித்ததும் நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி மதிலால எட்டிப் பார்த்தா. ஆட்டம் முடிஞ்ச பிறகு ரூபி டூயி மைக்கைப் பிடிச்சு முழு மைதானத்தையும் ஒரு மாவோரிப் பாட்டுப் பாட வைத்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

எட்டு நாள் கழித்து, மொனாக்கோவில் உலக றக்பி விருது விழா. அந்த வருஷத்தின் சிறந்த பெண் புதுமுகம்: ரூபி டூயி. அங்கதான் எங்களுக்குள்ள சண்டை தொடங்கினது.

"புதுமுகமா? அவவுக்கு முப்பது வயசு!"

கேள்வி நியாயம்தான். அவ 2016 ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் தங்கம் எடுத்தவ. 2019 இலேயே ஏழு பேர் ஆடுகிற றக்பியில் உலகத்தின் சிறந்த வீராங்கனை. ஆனால் இந்த விருது பார்ப்பது வயசை இல்லை. பதினைந்து பேர் ஆடும் றக்பியில் அவ நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடினது 2022 ஜூனில்தான். ஒலிம்பிக்கில் சேர்த்தது ஏழு பேர் ஆட்டத்தை. காசும் பயிற்சியும் அந்தப் பக்கம் போனால் ஆக்களும் அந்தப் பக்கம்தானே போவினம்? ஆண்களுக்கு இந்த விருது 2016 இலேயே இருந்தது. அப்ப அதை வாங்கின மாரோ இட்டோஜேக்கு வயசு 22. பெண்கள் பிந்தி வந்ததில்லை, கதவுதான் பிந்தித் திறந்தது என்று எங்களில் ரெண்டு பேர் வாதாடினம். மற்ற ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளேல்லை. உண்மையான சின்னப் பெட்டையளுக்குக் கிடைக்க வேண்டியதைப் பெரிய ஆள் எடுத்திட்டா என்றது அவையின்ர கட்சி.

பிறகு வந்த பெயர்களையும் பார்த்தோம். 2024 இல் அயர்லாந்தின் எரின் கிங். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏழு பேர் அணியில் ஆடிவிட்டு, செப்டெம்பரில் பதினைந்துக்கு வந்தவ. வன்கூவரில் மாற்று வீராங்கனையாக இறங்கி, கடைசி நேர ட்ரையால் நியூஸிலாந்தை 29-27 என்று விழுத்தினா. அடுத்த வருஷம் முழங்கால் காயம், உலகக் கிண்ணமே இல்லாமல் போச்சு. 2025 இல் நியூஸிலாந்தின் பிராக்ஸ்டன் சொரென்சன்-மக்கீ. வயசு 18, ஒரே உலகக் கிண்ணத்தில் 11 ட்ரை. "இதுதான் புதுமுகம்" என்று பழைய சண்டைக்காரிக்குச் சரியான சந்தோஷம்.

எங்களுக்கோ வேற யோசனை. நாங்கள் நாலு பேருமே பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினாக்கள். "ஓ.எல் வருது, இனி விளையாட்டுக் காணும்" என்று நாலு வீட்டிலும் ஒரே வசனம். சோதனை முடிஞ்ச பிறகு திரும்பப் போ என்று ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்களும் கேட்கேல்லை.

முப்பது வயசுக்குப் புதுமுகமா என்று கத்தினவளுக்கு இப்ப 29. போன மாசம் தொடக்கம் பின்னேரங்களில் வலைப்பந்துக்குப் போறாள். எங்களிட்ட சொல்லேல்லை. வாசலில் கிடந்த புதுச் சப்பாத்தைப் பார்த்துத்தான் பிடிச்சம்.