காகிதத்தில் தோற்ற ஆட்டம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன், வண்டியூர்)

விளையாட்டு வீரனைப் பற்றி எழுதுவோர் உண்டு. பயிற்சியாளரைப் பற்றி எழுதுவோரும் உண்டு. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்துகிறானே, அந்த ரசிகனைப் பற்றி எழுதுவார் யார்? நான் அந்த இனத்தைச் சேர்ந்தவன். கபடி ஆட என் உடல்வாகு இடம் தரவில்லை. பார்க்கத் தெரியும், கத்தவும் தெரியும். எங்கள் வண்டியூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. கண்மாய்க்கரைப் பொட்டலில் விளக்குப் போட்டு ஆட்டம் நடந்தால், மறுநாள் பாதி ஊருக்குக் குரல் கட்டியிருக்கும்.

ரசிகனுக்குத் தோல்வி புதிதன்று. நம்மவனைவிட எதிராளி வல்லவன் என்றால், இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுத் தேறிவிடுவான். ஆனால் ஆட்டம் தொடங்குமுன்பே, ஒரு மேசையின்மேல், ஒரு காகிதத்தில் தோற்றுப்போவதை மட்டும் அவனால் செரித்துக்கொள்ள முடிவதில்லை. 2025 ஜனவரியில் நமக்கு நேர்ந்தது அதுதான்.

நம் கபடி அணிக்கு நல்ல ரைடர் ஒருவன் வாய்த்தது எத்தனை ஆண்டுக் குறை என்பதைப் பேராசிரியப் பெருமக்களும் அறிவர். என் தெருக்காரன் அவன். பள்ளி முடித்ததும் அவன் ஆட்டத்தைப் பார்த்து ஒரு தனியார் கல்லூரி இடம் கொடுத்தது. ஓராண்டு அங்கே படித்தான். இடையில், மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் அவன் தந்தை விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். விடுதியில் தங்கிப் படிப்பது இனி ஆகாது. விடியற்காலையில் சந்தைக்குப் போக வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கி, பல்கலைக்கழக அனுமதியும் பெற்று, இரண்டாம் ஆண்டில் நம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தான். யாரும் அவனை ஆசை காட்டி அழைக்கவில்லை. நாங்கள் ஆனந்தப்பட்டதென்னவோ உண்மை!

கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு இரண்டு வண்டி பிடித்துப் போனோம். அணிகள் களத்தில் இறங்கும் நேரத்தில் எதிரணியினர் ஆட்சேபணை கொடுத்தார்கள். அமைப்பாளர்கள் கோப்பைப் புரட்டினார்கள், தம்முள் பேசினார்கள். பிறகு ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். 'இடையில் கல்லூரி மாறியவர். இவ்வாண்டு ஆடத் தகுதியற்றவர்.' எந்த விதி? எத்தனையாவது பிரிவு? அவன் கொண்டுவந்த அனுமதிக் கடிதம் ஏன் செல்லாது? ஒன்றுக்கும் விடையில்லை. நம் பி.டி. சார் அங்கேயே மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு பேரோடும் ஒரு மாற்று ஆளோடும் அணியை இறக்கினார். 31-க்கு 33. இரண்டே புள்ளி! அவன் கோட்டுக்கு வெளியே, எங்களுக்கு நடுவில், காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நாங்கள் கொதித்துக்கொண்டிருந்தோம். அவனோ, "விடுங்கப்பா, அடுத்த வருசம் இருக்குல்ல" என்றான்.

ஊருக்கு வந்தபின்தான் அந்த ஒற்றை வரியின் கனம் தெரிந்தது. அவன் தாயார் என்னைத் தெருவில் நிறுத்தி, "ஏந்தம்பி, ஆட விடமாட்டேன்னுட்டாங்களாமே, எம்புள்ள என்ன தப்புப் பண்ணுனான்?" என்று கேட்டார். என்ன சொல்வது? 'தகுதியற்றவர்' என்ற சொல் அலுவலகத்தில் ஒரு பொருள் தருகிறது. வண்டியூர்த் தெருவில் வேறு பொருள் தருகிறது. காரணம் எழுதாத ஆணையில் காரணத்தை ஊரார் எழுதிக்கொள்வார்கள். வயதை மறைத்தான் என்றார் ஒருவர். பழைய கல்லூரியில் ஏதோ வம்பு என்றார் இன்னொருவர்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. மறியல் செய்யலாம் என்றான் ஒருவன். சுவரில் எழுதலாம் என்றான் இன்னொருவன். கடைசியில் நான் ஒரு மனு எழுதி, நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கி அனுப்பினேன். மார்ச் மாதம் இருபதாம் தேதி மேல்முறையீட்டுக்கு விடை வந்தது. 'இக்கல்வியாண்டில் ஆடத் தடையில்லை.' கோப்பை யார் அலமாரிக்கோ போய்ச் சேர்ந்து, பல்கலைக்கழக அணியும் தேர்ந்தெடுக்கப்பட்டு, நமக்குத் தேர்வுக் கால அட்டவணை ஒட்டிய பிறகு! தங்கையின் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த அழகர், ஆற்றிலேயே திரும்பி எங்கள் வண்டியூருக்கு வந்துவிடுகிறார் என்பது ஊர்க்கதை. அவருக்காவது இங்கே எதிர்கொண்டழைக்கக் கூட்டம் காத்திருக்கும்.

(அழகர் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. தேனூரில் நடந்துவந்த அந்த விழாவைத் திருமலை நாயக்கர்தாம் மதுரைக்கு மாற்றினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வண்டியூரில் தேனூர் மண்டபம் இன்றும் இருக்கிறது. இடம் மாறிய விழாவை 'ஓராண்டு உட்கார்' என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை!)

விதியே வேண்டாம் என்பவனல்லன் நான். ஆள் பிடிக்கும் கலையில் கல்லூரிகள் சளைத்தவை அல்ல. வகுப்பறையின் வாசலையே காணாதவர்களைப் போட்டி மாதத்தில் மட்டும் மாணவராக்கிய கதைகளை மூத்த மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், ஆடுபவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்றும் இருபத்தைந்து வயதுக்கு மேற்படக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. அது நியாயமே. ஆனால் ஆசை காட்டி அழைக்கப்பட்டவனையும், வீட்டுக் கஷ்டத்தால் வந்தவனையும் ஒரே தராசில் நிறுத்தினால் எப்படி?

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. கல்லூரி விளையாட்டுக்கே லட்சம் பேர் கூடும் அமெரிக்காவில் கதை இன்னும் பெரிது. டெவோன்டெஸ் வாக்கர் என்ற கால்பந்து வீரர் (அவர்கள் கால்பந்து கையால் ஆடுவது, அது வேறு கதை) 2023-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். உடல்நலம் குன்றிய பாட்டி தம் ஆட்டத்தை நேரில் பார்க்கும் தொலைவில் ஆட வேண்டும் என்பது அவர் விருப்பம். இது இரண்டாவது மாற்றம் என்று கூறி அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தடுத்தது. முதலில் அவர் சேர்ந்திருந்த கல்லூரியிலோ, 2020-இல் கொரோனாவால் ஆட்டமே நடக்கவில்லை. ஆடாத இடத்திலிருந்து மாறியதையும் கணக்கில் வைத்தார்கள்! ரசிகர்கள் கொதித்தார்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞரே கடிதம் எழுதினார். அக்டோபர் மாதம் அனுமதி வந்தது. அதற்குள் நான்கு ஆட்டங்கள் போயின. அதே டிசம்பரில் ஏழு மாநிலங்கள் வழக்குத் தொடுக்க, மேற்கு வர்ஜீனிய நீதிமன்றம் அவ்விதிக்குத் தடை போட்டது. 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதியையே திருத்திவிட்டார்கள். இப்போது அங்குள்ள ரசிகனுக்கு நேர்மாறான குறை. ஆண்டுதோறும் தன் அணியில் யார் யார் என்றே அவனுக்குத் தெரிவதில்லையாம். நான் அந்த வரத்தைக் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் 2024-இல் அன்வர் அலி என்ற கால்பந்து வீரர் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது, நான்கு மாதத் தடையும் கோடிக்கணக்கில் இழப்பீடும் விதித்தார்கள். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. சில நாட்களிலேயே அந்த ஆணை நிற்கவில்லை. அவருக்கு வழக்கறிஞர் வைக்க வசதி உண்டு. சந்தையில் மூட்டை இறக்குகிறவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்?

தொழில்முறை ஆட்டக்காரனுக்குப் பத்தாண்டு உண்டு. நம் மாணவனுக்கு உள்ளவை மூன்று. அதிலும் ஓர் ஆண்டில் ஒரே போட்டிக்காலம். ஐந்து வாரத்தில் சொல்ல வேண்டியதைப் பத்து வாரத்தில் சொன்னால், மூன்றில் ஒன்று கழிந்தது. பல்கலைக்கழக அணியில் ஆடினால் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ்தான் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்குரிய மூன்று விழுக்காட்டு ஒதுக்கீட்டின் கதவைத் தட்ட உதவும். படுத்திருக்கும் தந்தையின் மகனுக்கு அது கோப்பையைவிடப் பெரிது. ஆட்சேபணை இருந்தால் பட்டியல் கொடுக்கும் நாளிலேயே வரட்டும். எந்த விதியால் தடுக்கிறோம் என்பதை எழுதட்டும். மேல்முறையீட்டை அடுத்த சுற்றுக்குள் முடிக்கட்டும். எங்கள் அரசியல் அறிவியல் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, "தோற்றவனுக்குத்தானப்பா தீர்ப்பின் காரணம் அதிகம் தேவை" என்றார்.

இந்த ஆண்டு அவனுக்கு இறுதி ஆண்டு. நம் அணிப் பட்டியல் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே போய்விட்டது. பி.டி. சார் அவன் பெயருக்கெதிரே மாற்றுச் சான்றிதழ், அனுமதிக் கடிதம், அந்த மார்ச் மாத விடை எல்லாவற்றின் நகலையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார். அவன் விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் போகிறான். எட்டரைக்கு நம் மைதானத்தில் இருக்கிறான். நாங்கள் இந்த முறை மூன்று வண்டி பேசியிருக்கிறோம்.