பாட்டி நடுங்கினாங்க... ஜீப் தப்பிச்சது!

ஜனவரி விடியற்காலையில ஊட்டி பக்கத்துல இருக்கிற தலைகுந்தா போயிருக்கீங்களா? புல்வெளி முழுக்க உறைபனி, உப்பு தூவின மாதிரி கிடக்கும். அதைப் பார்க்கத்தான் சித்தப்பாவோட பழைய ஜீப்புல மேட்டுப்பாளையத்துல இருந்து கிளம்பினோம்.

குன்னூர் வழியில 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஹீட்டர் ஜோர். லாரிக்கு வழிவிட்டு நின்னா, ஜில்! 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டியைத் தொட்டப்போ சித்தப்பா பக்கம் கதகதப்பு. இடது ஸீட்டுல பாட்டிக்குப் பல்லு தந்தியடிக்குது. ‘‘ஹீட்டர் போச்சுடா’’ன்னார் சித்தப்பா.

போனது ஹீட்டர் இல்லீங்க! அது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுத்தி வர்ற கூலன்ட்தான் அதுக்குள்ளயும் ஓடும். கூலன்ட் குறைஞ்சா உள்ளே காத்து புகுந்து, பாதி மட்டும்தான் சூடாகும். இன்ஜின் வேகமா சுத்தினா பம்ப் எப்படியோ தள்ளிவிடும். வண்டி நின்னா அதுவும் இல்லை.

ஓரங்கட்டி, இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம் (சூட்டோட திறந்தா முகம் வெந்துடும், ஜாக்கிரதை!). ஒரு லிட்டருக்கு மேல காணோம். ஒரு கிளாம்ப் லூஸாகி ஒழுகியிருக்கு. முறுக்கி, கூலன்ட் ஊத்தி, காத்தை வெளியேத்தினதும் பாட்டி பக்கமும் சூடு வந்தாச்சு.

கூலன்ட் சரியா இருந்தும் ஒரு பக்கம் ஜில்லுன்னா? இன்ஜினை அணைச்சுட்டு ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் லேசா தொடுங்க. ஒண்ணு சூடு, ஒண்ணு ஆறிப்போயிருந்தா உள்ளே அடைப்பு. ரெண்டுமே சூடுன்னா, காத்தைத் திருப்புற மடலைப் பாருங்க.

அப்படியே ஓட்டியிருந்தா இன்ஜினே காலி. மலையேறும்போது யாராவது ‘குளிருது’ன்னா, ஸ்வெட்டர் கொடுங்க... அப்படியே பானெட்டையும் திறந்து பாருங்க!