செத்துடலாம் போல ஒரு வெட்கம்!

‘நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு!’

நாலு பேர் முன்னால் மானம் போனவர்கள் தமிழில் இப்படித்தான் புலம்புவார்கள். ஆங்கிலமும் அந்த இடத்தில் சாவைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறது. தாங்க முடியாத வெட்கத்துக்கு அங்கே ‘மார்ட்டிஃபைடு’ என்று பெயர். சாவைக் குறிக்கும் ‘மோர்ஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இதன் வேர். ஆதியில் இதற்கு ‘கொல்வது’ என்றே அர்த்தம்.

அவ்வளவு தூரம் போகாத சின்னச் சங்கடத்துக்கு ‘எம்பாரஸ்டு’ போதும். பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் சொல்லுக்குள் ‘வழியை அடைப்பது’ என்ற பொருள் இருக்கிறது. மேடையில் பேச்சு மறந்து, தொண்டை அடைத்து நிற்பவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

இன்றைய இளசுகள் யாரோ போட்ட ரீல்ஸைப் பார்த்துவிட்டு ‘க்ரிஞ்ச்’ என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல், போரில் வீழ்வதைக் குறித்தது. பிறகு, பயத்தில் உடம்பு ஒடுங்குவதைக் குறித்தது. தமிழில் ‘கூனிக் குறுகுவது’ என்பார்களே, அதேதான்.

குழப்பம் வருவது இன்னும் இரண்டு சொற்களில். தான் செய்தது தப்பு என்று உள்ளுக்குள் குத்தினால் ‘அஷேம்டு’. அடுத்தவர் மட்டம் தட்டினால் ‘ஹ்யூமிலியேட்டட்’. மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. ஒருவரைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது.

கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, நகரத்துக் கல்லூரியில் சேர்ந்த பெண் ஒருத்தி வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் பேசுகிறாள். உச்சரிப்பு கொஞ்சம் பிசகியதும் வகுப்பே சிரிக்கிறது. அன்றிரவு தோழிக்கு அவள் அனுப்பும் மெசேஜ், ‘ஐ ஃபீல் அஷேம்டு’.

இலக்கணப்படி சரியான வாக்கியம். ஆனால், நடந்ததற்குப் பொருந்தாத வாக்கியம். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. சிரித்தவர்கள்தான் அவளைத் தாழ்த்தினார்கள். தமிழில் சொல்லியிருந்தால், ‘அவமானப்படுத்திட்டாங்கடி’ என்று சரியாகச் சொல்லியிருப்பாள். ஆங்கிலத்தில் சொல்லப்போய், அடுத்தவர் செய்த தப்பும் அவள் தலையில் விழுந்துவிட்டது.

அந்தச் சொல் முதலில் வந்து நிற்பதிலும் ஆச்சர்யமில்லை. சட்டை போடாமல் ஓடும் குழந்தையைப் பார்த்தே ‘ஷேம் ஷேம் பப்பி ஷேம்’ என்று பாடும் வீடுகள்தானே இங்கே அதிகம்!

பள்ளியிலிருந்து வரும் பிள்ளை, ‘வெட்கமா இருக்கும்மா’ என்று முகம் வாடி நின்றால், ‘நீ என்ன பண்ணினே?’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ‘யார் என்ன சொன்னாங்க?’ என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.