கால் லிட்டர் ஆயில்

கியூபெக் கிராமங்களில் ஸ்னோமொபைல் பட்டறைகள் களைகட்டுவது நவம்பரில்தான். முதல் பனி விழப்போகிறது என்ற பேச்சு வந்ததும், கொட்டகைகளில் கிடந்த வண்டிகள் ட்ரெய்லர் ஏறி வந்து பட்டறை வாசலில் வரிசைகட்டும். நான் போனது மே மாதம். வயல்கள் சேறாகிக் கிடந்தன, கறுப்பு ஈக்கள் காதைச் சுற்றின. அந்த மாதத்தைக் குறித்துக் கொடுத்தவர் மெக்கானிக்தான். "நவம்பர்ல வந்தா எனக்குப் பேச நேரம் இருக்காது. பழைய ஆயில் எப்படியிருக்கும்னு பார்க்கணும்னா இப்பவே வாங்க" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

பட்டறை இருப்பது வால்கூருக்கு வெளியே. மொன்ட்ரியாலுக்குக் கிழக்கே உள்ள இந்தச் சிற்றூரில்தான் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே 1922-இல், தன் 15 வயதில், பழைய ஃபோர்டு கார் என்ஜினின் பின்னால் மரப் புரொப்பல்லரைப் பொருத்திச் சறுக்குச் சட்டங்களின் மேல் பனியில் ஓட்டிக் காட்டினார். 1926-இல் சொந்தப் பட்டறை வைத்தார். 1934-இன் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. சாலையெல்லாம் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, குழந்தை இறந்துவிட்டது. பல்சக்கரம் சுழற்றும் பட்டையால் பனிமேல் ஓடும் அமைப்புக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் அறிந்த ஸ்கீ-டூ 1959-இல் வந்தது. உல்லாச ஓட்டம், பந்தயம் எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டவை. போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு உயிரோடு போய்ச்சேர்வதற்காகப் பிறந்த வண்டி இது. அன்று முழுதும் பட்டறையில் நின்றபோது இந்த எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. கூட வேலை கற்றுக்கொள்பவன் அவருடைய அக்கா மகன். என்னிடம் ஆங்கிலத்திலும் அவனிடம் பிரெஞ்சிலும் பேசினார். மேடைமேல் ஏற்றியிருந்த முதல் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக். மேப்பிள் தோப்பு வைத்திருக்கும் ஓர் அம்மாளுடையது. மார்ச், ஏப்ரலில் மரச்சாறு இறங்கும்போது, மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய குழாய்களில் எங்கே கசிகிறது என்று பார்க்க அதில்தான் தோப்பைச் சுற்றி வருவார்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டார்கள். சூடேறினால்தான் ஆயில் இளகும், அடியில் படிந்த கசடும் அதோடு சேர்ந்து இறங்கும். இந்த என்ஜினில் ஆயில் அடிச்சட்டியில் தேங்கி நிற்பதில்லை. பம்பு அதை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். செங்குத்தான சரிவில் வண்டி எப்படிச் சாய்ந்தாலும் பேரிங்குகளுக்கு ஆயில் தவறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதனால் வடிப்பதும் இரண்டு இடத்தில்: தொட்டியில் ஒன்று, என்ஜினின் அடியில் ஒன்று. பையன் பிளக்கைக் கழற்றுவதற்கு முன், மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி மூக்கருகே பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாசனை தெளிவாக வந்தது.

குறியைத் தாண்டி ஆயில் நின்றது. எல்லோரும் குறைந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள், கூடியிருந்தால் மகிழ்ச்சியோடு மூடிவிடுவார்கள் என்றார். கடுங்குளிரில் என்ஜினைக் கிளப்பும்போது பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகும். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். கூடவே நீராவியும் குளிர்ந்து தண்ணீராகிக் கலக்கும். நெடுந்தூரம் ஓடினால் அந்தச் சூட்டில் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் தோப்புக்குள் வண்டி ஐந்து நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஐந்து நிமிடம் ஓடுகிறது. சூடேறவே வாய்ப்பில்லை. ஆயில் நீர்த்துப்போகிறது, அமிலமும் சேர்கிறது. இதை அப்படியே விட்டுக் கோடை முழுக்க வண்டியை நிறுத்திவைத்தால் பேரிங்குகள் ஆறு மாதம் அந்த அமிலத்தில் ஊறிக்கிடக்கும். வசந்தத்திலேயே மாற்ற வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். அவர் வாடிக்கையாளர்களில் இதைக் காதில் போட்டுக்கொள்பவர்கள் குறைவு. அந்த அம்மாள் ஆண்டு தவறாமல் மே மாதம் வண்டியைக் கொண்டுவருகிறார்.

மற்ற வேலை மளமளவென்று முடிந்தது. ஃபில்டர் மாறியது. டிரெயின் பிளக்கின் வாஷர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக உட்காராது என்று அதையும் எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள். ஊற்றியது 0டபிள்யூ-40 சிந்தெடிக். அந்தப் பூஜ்யம் குளிருக்கான தரம்: மைனஸ் 40 டிகிரியிலும் பம்பு இழுக்கும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். என்ஜினை ஓட்டி நிறுத்தி, அளவைச் சரிபார்த்து மூடினார்கள். பழைய ஆயில் மூடியுள்ள கேனுக்குப் போனது. மறுசுழற்சிக்கு எடுத்துப்போவார்களாம்.

அடுத்த வண்டி பழைய டூ ஸ்ட்ரோக். நம் ஊரில் டூ ஸ்ட்ரோக் பைக் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து புகையாகிவிடும், மாற்றுவதற்கு என்ஜினில் ஆயிலே தங்காது. அந்த வசதியே இந்த வண்டிகளுக்கு எமனாகிறது என்பது மெக்கானிக்கின் ஆதங்கம், கேட்டபின் என்னுடையதும்கூட. "என் வண்டிக்கு ஆயில் மாத்தற வேலையே இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரிபவர்களின் வண்டியில் வலது பக்கம் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் கால் லிட்டரோ கொஞ்சம் கூடவோ ஆயில். பல வருடமாக யாரும் திறக்காத பெட்டி.

அதுதான் செயின் கேஸ். என்ஜின் சுழற்சி இடது பக்கத்தில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட் வழியாகப் போகும். அங்கிருந்து ஒரு குறுக்குத் தண்டு வண்டியின் அகலத்தைக் கடந்து வலது பக்கம் வரும். அதன் முனையில் சின்னப் பல்சக்கரம், கீழே அதைப் போல இரண்டு மடங்கு பற்கள் கொண்ட பெரிய சக்கரம், இரண்டையும் இணைத்து ஓர் அகலச் செயின். பனிப்பட்டையைச் சுழற்றும் தண்டு கீழ்ச்சக்கரத்தில் இருக்கிறது. என்ஜினின் முழு பலமும் அந்தச் செயின் வழியாகத்தான் தரையைத் தொடுகிறது. இந்த ஆயில் என்ஜினுக்குப் போடும் ரகம் அல்ல; கியருக்கான கெட்டி ரகம், பற்கள் அழுந்தும் இடத்திலும் பிரியாமல் ஒட்டி நிற்க வேண்டியது.

இந்த மாடலில் வடிக்கும் பிளக் கிடையாது. மூடியையே கழற்ற வேண்டும், அதற்கு முதலில் புகைக்குழாயை நகர்த்த வேண்டும். அதன் ஸ்பிரிங்குகளைக் கொக்கிக் கம்பியால் பையன் ஒவ்வொன்றாக இழுத்து விட்டான். அடியில் துணிகளைத் திணித்துவிட்டு மூடியை நெம்பினான். வழிந்தது கரிய ஆயில் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில், சாம்பல் கலந்து, கொழகொழவென்று இறங்கியது. தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடேறிக் குளிரும் ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் ஈரம் வேர்த்து, ஆயிலோடு கடைபட்டுப் போயிருக்கிறது.

மெக்கானிக் பெட்டிக்குள் இருந்த காந்தத்தில் ஒட்டியிருந்ததை வழித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாகத் தேய்த்தார். மைபோல வழுக்கினால் கவலையில்லை, வழக்கமான தேய்மானம். இங்கே ஏதோ உறுத்தியது. விரலை விளக்கடியில் கொண்டுபோனார். ஊசிமுனை அளவில் மினுங்கும் சில்லுகள். பையனைக் கூப்பிட்டு அவன் விரலிலும் தடவித் தேய்க்கச் சொன்னார். அவன் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்ததைப் பார்த்தேன். இந்தத் தொழிலில் கைமாறுவது இதுதான் என்று எனக்குப் பட்டது. ஸ்பேனர் பிடிக்க யாரும் கற்றுக்கொண்டுவிடலாம்.

பிறகு கீழ்ச்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். அசைந்தது. தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது.

பேரிங் முழுதாக உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். செயின் பல் தாண்டும், அறுந்து பெட்டியையே உடைத்துக்கொண்டு வெளியே வரவும் கூடும் என்றார். வண்டி நின்றுபோகும், அவ்வளவுதானே என்றேன். அவர் மேல்தண்டின், அதாவது அந்தக் குறுக்குத் தண்டின், மறுமுனையில் இருந்த பிரேக் டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினார். இந்த மாதிரி வண்டிகளில் பிரேக் மேல்தண்டில் இருக்கிறது. அது பிடிப்பது தண்டைத்தான். தண்டிலிருந்து பனிப்பட்டைக்குப் போகும் பிடிப்பு செயின் வழியாகத்தான் போக வேண்டும். செயின் அறுந்தால் என்ஜினும் இழுக்காது, பிரேக்கும் பிடிக்காது. சரிவில் இறங்கிக்கொண்டிருப்பவன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். கீழ்த்தண்டிலேயே பிரேக் வைத்த வண்டிகளும் வந்திருக்கின்றன. ஆனால் இது போன்ற பழையவை இன்னும் எத்தனையோ கொட்டகைகளில் இருக்கின்றன. கால் லிட்டர் ஆயிலுக்குச் சோம்பல்பட்டு இவ்வளவு பெரிய ஆபத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்களே என்று உண்மையிலேயே பதறிப்போனேன்.

பேரிங் சரியாக இருந்திருந்தால் எப்படி முடித்திருப்பார் என்று கேட்டதற்குச் செய்தே காட்டினார். செயினின் தொய்வை எடுக்கும் போல்டை விரலால் மட்டும், இறுகும்வரை திருகினார். பிறகு கால் சுற்று பின்னுக்கு. ஸ்பேனர் கொண்டு இறுக்குபவர்கள் செயின் பாட்டுப் பாடாமல் இருந்தால் சரி என்று நினைக்கிறார்கள். விறைத்த செயின் இரண்டு பேரிங்குகளையும் சேர்த்துத் தின்றுவிடும். சொல்லிவிட்டுப் போல்டைத் தளர்த்தினார்.

வண்டிக்காரருக்குப் போன் போட்டார். பிரெஞ்சில் நீண்ட பேச்சு. பையன் எனக்காகத் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தான். புது ஆயில் ஊற்றி மூடிக் கொடுங்கள், பேரிங்கை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாராம். மெக்கானிக் குரலை உயர்த்தவில்லை. பேரிங் மாற்றாமல் இந்த மூடியை நான் மூட மாட்டேன், திறந்தபடியே எடுத்துப் போவதானால் எடுத்துப் போங்கள், இதுவரை செய்த வேலைக்குக் கூலி வேண்டாம் என்றார். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு விலை கேட்டார்கள். மெக்கானிக் சொன்னார். போனை வைத்ததும், தண்டின் சீலையும் சேர்த்து ஆர்டர் போடச் சொல்லிப் பையனிடம் பேரிங் எண்ணை எழுதிக்கொடுத்தார்.