நகரும் மூலைமட்டம்

செகந்திராபாத் ராணிகஞ்ச் கடைகளில் காம்பினேஷன் ஸ்கொயர் கேட்டால், பெரும்பாலும் பெட்டியில் அடுக்கிய ஒரு முழு செட்டைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். பன்னிரண்டு அங்குல அளவுகோல், மூலைமட்டத் தலை, உருளையின் நடுவைக் காட்டும் சென்டர் ஹெட், கோணமானி. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் மரவேலைக்காரருக்கு அதில் தேவைப்படுவது முதல் இரண்டு மட்டும். மற்றவை லேத் பட்டறையில் இருக்க வேண்டியவை. அவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் காசை ஒற்றைத் தலையுள்ள நல்ல சரக்கில் போடுங்கள் என்றுதான் வேலை பழக வரும் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். அதிலும் முதலில் ஆறு அங்குலம் வாங்குங்கள். கழுந்து, துளை, டிராயர் மூலை என்று நாள் முழுக்கக் கையில் இருப்பது அதுதான். பன்னிரண்டு அங்குலம் பலகை அறுக்கும் நாளில் வெளியே வரும்.

காம்பினேஷன் ஸ்கொயரை உருவாக்கியவர் லாராய் ஸ்டாரெட் என்ற அமெரிக்கர். அதற்கு முன்பு இறைச்சி கொத்தும் கருவி ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்கியிருந்த மனிதர். மூலைமட்டத்துக்கு 1879-ல் காப்புரிமை பெற்று, 1880-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆத்தோல் என்ற ஊரில் கம்பெனி தொடங்கினார். சாதாரண மூலைமட்டத்தில் கட்டையும் தகடும் அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். ஸ்டாரெட் தகட்டின் நடுவில் நெடுகக் காடி வெட்டி, அதைத் தலைக்குள் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் திருகி நிறுத்தும்படி செய்தார்.

நல்லதும் மட்டமானதும் பிரிகிற இடம் இந்தத் திருகுதான். தலைக்குள் இருக்கும் போல்ட்டின் நுனியில் சின்னக் கொக்கி ஒன்று உண்டு. அது தகட்டின் காடியில் உட்கார்ந்திருக்கும். நட்டை இறுக்கும்போது கொக்கி தகட்டைக் கீழே இழுத்து, தலையின் பிளவுக்குள் இருக்கும் இரண்டு சிறு மேடுகள் மேல் அழுத்தி உட்கார வைக்கிறது. தொண்ணூறு டிகிரியைக் காப்பாற்றுவது அந்த இரண்டு மேடுகள்தான். அவற்றை ஒரே மட்டமாகக் கடைந்து தேய்த்திருந்தால், எத்தனை முறை தளர்த்திப் பூட்டினாலும் தகடு பழைய கோணத்துக்கே வரும். வார்த்தபடியே விட்டு மேலே பெயின்டையும் ஓட்டியிருந்தால், பூட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணம். கடையில் ஒரு தடவை சரியாகக் காட்டியதை வைத்து வாங்கி வந்தவர்கள் வீட்டில் திணறுவது இதனால்தான்.

ஆகவே கடைக்குப் போகும்போது பையில் ஒரு எம்.டி.எஃப் துண்டும் கூர்மையான கத்தியும் எடுத்துக்கொண்டு போவது என் வழக்கம். எம்.டி.எஃப் எதற்கென்றால், அதில் ரேகை கிடையாது, கத்தி இழுபடாது. துண்டின் ஓர் ஓரத்தை வீட்டிலேயே இழைத்து நேராக்கிக்கொள்ள வேண்டும். ஓரம் வளைந்திருந்தால் சோதனையே பொய். தலையை அந்த ஓரத்தில் அணைத்து ஒரு கோடு கீற வேண்டும். பிறகு கருவியைப் புரட்டி, மறுபக்கத்திலிருந்து அதே புள்ளியில் தொடங்கி இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் சரி. மேலே போகப் போக விலகினால், அந்த விலகலில் பாதிதான் கருவியின் பிழை. 150 மில்லிமீட்டரில் கோடுகள் 0.4 விலகினால் பிழை 0.2. கேட்கச் சிறிதாக இருக்கும். அதையே 600 மில்லிமீட்டர் அலமாரித் தட்டுக்குக் கொண்டுபோனால் 0.8. கதவு மூடும்போது கண்ணில் குத்தும் அளவு அது. பென்சிலால் கீறிப் பார்ப்பதில் பயனில்லை, பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும்.

இதோடு நிறுத்தாமல், தலையைத் தகட்டின் ஒரு கோடியில், நடுவில், மறுகோடியில் என்று நகர்த்திப் பூட்டி மறுபடியும் கீறிப் பார்க்க வேண்டும். பூட்டிய பிறகு தகட்டின் நுனியை விரலால் அசைத்தும் பார்க்க வேண்டும். துளி ஆட்டம் தெரிந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ராணிகஞ்ச் கடைக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. "ஆராம் சே தேகோ பாய்" (நிதானமாகப் பாருங்க) என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். ஒரே கம்பெனியின் நாலு உருப்படியைக் கீறிப் பார்த்தால் நாலும் ஒன்றுபோல இருக்காது. அதனால்தான் பெயரை மட்டும் நம்பி பெட்டி பிரிக்காமல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

தகட்டில் பார்க்க வேண்டியது எழுத்து. கோடுகள் உலோகத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். நகத்தை ஓட்டினால் தட்டுப்பட வேண்டும். மேலே அச்சிட்டவை சில மாதங்களில் தேய்ந்துவிடும். பளபளப்பான தகட்டைவிட மங்கலான குரோம் பூச்சு மேல். இந்த ஊர் வெயிலில் வாசலில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அதன் அருமை தெரியும். தலை வார்ப்பிரும்பாக இருந்தால் நல்லது. துத்தநாக வார்ப்பு கீழே விழுந்தால் ஓரம் நசுங்கும். நசுங்கிய ஓரம் மரத்தில் ஒட்டி நிற்காது. தலையில் பதித்திருக்கும் ரசமட்டக் குழாயை நான் பொருட்படுத்துவதில்லை. அவ்வளவு சின்ன நீளத்தில் மட்டம் பார்த்து நிலைக்கதவு நிறுத்த முடியாது.

இவ்வளவு மெனக்கெடுவது வெறும் செங்கோணத்துக்காக இல்லை. இந்தக் கருவியின் பெரிய உதவி, எண்ணைப் படிக்காமலே அளவை எடுத்துச் செல்வது. துளையின் ஆழத்துக்குத் தகட்டை இறக்கிப் பூட்டி, அப்படியே கழுந்தின் மேல் கொண்டுபோய் வைத்தால் நீளம் கிடைத்துவிடும். முக்கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவா கூடுதலா என்று கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. தகட்டின் நுனியில் பென்சிலை வைத்துத் தலையை ஓரத்தோடு இழுத்தால் பலகை நெடுக இணைகோடு வரும். தேக்குச் சட்டத்தில் கழுந்தின் தோளைக் குறிக்கும்போது நாலு முகத்திலும் கத்திக்கோடு சுற்றி வர வேண்டும். தலையை எப்போதும் முதலில் இழைத்த இரண்டு முகங்களில் மட்டுமே அணைத்துக் கீறினால், கடைசிக் கோடு முதல் கோட்டின் நுனியில் வந்து முட்டும். முட்டாவிட்டால் சட்டத்தின் இழைப்பையோ கருவியையோ சந்தேகப்படலாம். கத்தி விட்ட தடத்தில் உளி தானாகப் போய் உட்காரும். அந்தத் தோள் பொருந்தும்போது வெளிச்சம் புகாது.

செகந்திராபாத்துக்கு இரும்பு வேலையில் நீண்ட பழக்கம். நிஜாம் ரயில்வே தொடங்கிய லாலாகூடா பணிமனை 1893-லிருந்து இருக்கிறது. கவாடிகூடாவில் பிராகா டூல்ஸ் 1943-ல் வந்தது. பாலாநகரில் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968-ல் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் பழைய அளவுக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. எர்ரகட்டா ஞாயிற்றுச் சந்தையிலும், ஜுமேராத் பஜாரிலும் தேடுகிறவருக்குக் கிடைக்கும். துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேல்துரு மண்ணெண்ணெயிலும் நைஸ் உப்புத்தாளிலும் போய்விடும். ஓரத்தில் குழி விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். போல்ட்டின் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். அது தேய்ந்தால் தகடு இழுபடாது, தனியாக அந்த ஒரு உருப்படி கிடைப்பதும் கஷ்டம்.

தலை நன்றாக இருந்து கோணம் மட்டும் துளி விலகியிருந்தால் அதைச் சரிசெய்யலாம். தகடு எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கத்து மேட்டில் மெல்லிய அரத்தை இரண்டு இழுப்பு விட்டு, தூசியைத் துடைத்து, பூட்டி, மறுபடியும் இரண்டு பக்கமும் கத்திக்கோடு போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே மூன்றாவது இழுப்பை விடுங்கள். அதிகமாக அராவிவிட்டால் அடுத்த மேட்டையும் அராவ வேண்டிவரும். புதுச் சரக்கில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.