பைக்குக்கு ஒரு பை!

பைக்கில் ஊர் சுற்றும் பிரம்மச்சாரிகளே, குடும்பஸ்தர்களே! முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு 100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். தோள்பட்டை ராஜினாமா கடிதம் நீட்டிவிடும். அதற்குத்தான் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரும் டேங்க் பேக்.

கடைக்கு நான் பர்ஸோடு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரையும் எடுத்துப் போனேன்.

"சாமி எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

காந்தம் வைத்த பை இரும்பு டேங்க்கில்தான் ஒட்டும். அலுமினியம், பிளாஸ்டிக் என்றால் வார் வைத்துக் கட்டுகிற பைதான் கதி. பிள்ளையார் என் டேங்க்கில் 'சிக்'கென்று உட்கார்ந்தார். முதல் பரீட்சை பாஸ்!

அடுத்து, 25 லிட்டர் பை. "ஒரு வாரத் துணி கொள்ளும் சார்!"

டேங்க்கில் வைத்து, சாவியைப் போட்டு, ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தேன். பீய்ய்ங்! பை ஹாரனை அமுக்க, தெருவே திரும்பிப் பார்த்தது. நான் போகவிருப்பதோ கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஹேண்டில் பாதியில் முட்டி நின்றால்? வீட்டில் எல்.கே.ஜி. படிக்கிற ஜீவன் ஒன்று காத்திருக்கிறது.

"சின்னது குடுங்க."

10 லிட்டர். ஹேண்டில் இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது. மழை உறையும் உண்டு. ரெயின்கோட், தண்ணீர், பஞ்சர் கிட், மாத்திரை எல்லாம் அடக்கம். பையின் அடியில் மண் சேர்ந்தால் பெயின்ட் கீறும். துடைக்க ஒரு பழைய பனியன்.

"ரெண்டு நாளைக்கு மூணு சட்டை வேணாமா?" என்றாள் மனைவி.

"மலையில என் சட்டையை யார் பார்க்கப் போறா? நான் திரும்பி வர்றதை நீ பார்த்தா போதும்."

பதில் பேசாமல் மூன்றாவது சட்டையை பீரோவில் வைத்தாள்.