ரிஃப்டனுக்கு அடியில் ஒரு மதுக்கடை

2011-ல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் அரண்மனையோ டிராகன் மலையோ இல்லை. ரிஃப்டன் நகரத்துக் கால்வாயோரம் இறங்கி, ராட்வே சுரங்கத்தின் முரடர்களைத் தாண்டினால் வரும் 'ராக்டு ஃபிளாகன்' மதுக்கடைதான்.

பார்த்தால் சில மேசைகள், மிரட்ட ஓர் அடியாள், கடையைக் கவனிக்க வெக்கெல். ஆனால் ஓர் அலமாரிக்குப் பின்னால் திருடர் சங்கத்தின் கூடமே இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறினால் கல்லறைத் தோட்டத்தில் வெளியே வரலாம்!

முதலில் போகும்போது கடை ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். சங்கம் நொடித்துப்போன காலம் அது. சங்கத்தைச் சேர்ந்த வெக்ஸும் டெல்வினும் தரும் வேலைகளை ஊர் ஊராக முடித்துக்கொண்டே வந்தால், காலியாகக் கிடந்த மாடங்களில் வணிகர்கள் ஒவ்வொருவராக வந்து கடை விரிக்கிறார்கள். களவு செழிப்பதை வசனமே இல்லாமல் இடத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். கதை சொல்வதில் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இத்தனைக்கும் நிழல் தருபவர் மேவன் பிளாக்பிரையர், ஊரின் தேன்மது ஆலை முதலாளி. காவலர்களும் அவர் கைக்குள். கீழே பதுங்கியிருக்கும் திருடர்களிடம் எனக்குப் பயமே வரவில்லை. பட்டப்பகலில் சந்தைத் தெருவில் நடக்கும் மேவனைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.